பிள்ளை பிறந்தால் வீடு மாறத்தான் வேண்டுமா?

(அமெரிக்க வாழ் தமிழ்ப் பெற்றோர், இளையோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேலை நிமித்தம் அமெரிக்கா வரும் தமிழ் இணையர் பெரும்பாலும் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில்தான் குடும்ப வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் வளைகாப்பு நடக்கும்; பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து அம்மா வருவார்; வீட்டில் தொட்டில் ஆடும். அம்மகிழ்ச்சி அடங்கும் முன்பே குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேரும். "உங்கள் வீட்டில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் உள்ளனர். ஒப்பந்தம் முடியும்போது இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாறுங்கள், இல்லையேல் காலி செய்யுங்கள்" என்பது அதன் சாரமாக இருக்கும்.

இக்கடிதம் கண்ட குடும்பங்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கின்றன. சிலர் மறுபேச்சின்றிக் கூடுதல் வாடகைக்கு வேறு வீடு பார்க்கின்றனர். சிலர் அண்டை வீட்டாரிடமும் அலுவலகத்தாரிடமும் சண்டையிட்டு மனம் நொந்துபோகின்றனர். வேறு சிலரோ குழந்தையையே மறைக்கின்றனர். தள்ளுவண்டியைப் பின்வாசல் வழியே கொண்டு செல்வதும், பராமரிப்புப் பணியாளர் வரும் நாளில் தொட்டிலை மடித்து அலமாரிக்குள் வைப்பதும், "சத்தம் போடாதே, ஆபீஸ்காரர் வருகிறார்" என்று மூன்று வயதுப் பிள்ளையை அடக்குவதும் புலம்பெயர் வாழ்வில் புதியவை அல்ல. தன் வீட்டில் தான் இருப்பதே குற்றம் என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்ளுமானால், அக்குடும்பம் மிச்சப்படுத்திய வாடகையை விடப் பெரியதொன்றை அது இழந்துவிடுகிறது.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிவதற்கு முன்பே முடிவெடுப்பதுதான் அது. ஆள்வரம்பு என்பது வீட்டின் பரப்பையும் பாதுகாப்பையும் பொறுத்த விதியாக இருக்கும் வரை அது முறையானது. குழந்தைகளை விலக்கி வைப்பதற்கான போர்வையாக மாறும்போது அது முறையற்றது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவுவதே இவ்வுரையின் நோக்கம்.

வரம்பு பிறந்த கதை

ஒரு வீட்டில் எத்தனை பேர் வாழலாம் என்னும் விதி வீணாகத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நியூயார்க்கில் காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்ககங்களில் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். காசநோயும் தீ விபத்தும் அவர்களைப் பலி கொண்டன. 1901ஆம் ஆண்டில் அம்மாநிலம் இயற்றிய அடுக்ககச் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம், கழிப்பறை, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தது. உயிர் காக்கும் விதிகள் அவை. அவற்றை எவரும் இகழ்வதற்கில்லை.

ஆனால் இதே வகை விதிக்கு மற்றொரு முகமும் உண்டு. 1870இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு விதி கொண்டுவந்தது. தங்குமிடங்களில் வயது வந்த ஒருவருக்கு 500 கன அடி காற்றுவெளி இருக்க வேண்டும் என்றது அது. படிப்பதற்கு இது சுகாதார விதி போலவே இருக்கும். நடைமுறையிலோ, அது சீனத் தொழிலாளர்களைக் குறிவைத்தே பயன்படுத்தப்பட்டது. அபராதம் கட்டாமல் சிறை சென்றவர்களின் சடையைக் கத்தரிக்கும் ஆணையும் பின்னர் வந்தது. சடை இழந்த ஹோ ஆ காவ் என்பவர் வழக்குத் தொடுத்தார். 1879இல் அந்தச் சடையாணை செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே எண்ணிக்கை விதி ஒன்றைக் காணும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இவ்விதி காப்பதற்காக வந்ததா, விலக்குவதற்காக வந்ததா?

குழந்தை பிறந்ததால் வந்த வழக்கு

இன்று நம்புவதற்கு அரிதாயினும், அமெரிக்காவில் "குழந்தைகளுக்கு இடமில்லை" என்று வெளிப்படையாகவே எழுதி வீடு வாடகைக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. ஹட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி வீட்டுவசதித் துறைக்காக 1980இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வில், வாடகை வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குழந்தைகளை அறவே அனுமதிக்கவில்லை என்று தெரியவந்தது.

கலிபோர்னியாவின் மரீனா டெல் ரே பகுதியில் ஓர் அடுக்ககத்தில் வுல்ஃப்சன் இணையர் வாடகைக்கு இருந்தனர். 1975இல் அவர்களுக்கு மகன் பிறந்தான். குழந்தை அங்கு வாழ்வதை அறிந்த நிர்வாகம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து வெளியேறச் சொன்னது. அவ்விணையர் பணியவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குழந்தைகள் சத்தமிடுவர், பொருள்களைச் சேதப்படுத்துவர் என்பது நிர்வாகத்தின் வாதம். ஒரு குடும்பத்தின் நடத்தையைப் பார்க்காமல், குழந்தை உள்ளவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அனைவரையும் விலக்குவது மாநிலத்தின் உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று 1982இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆறாண்டுகள் கழித்து நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பெயரால் வீடு மறுப்பதைத் தடை செய்திருந்தது. 1974இல் பால் வேறுபாடும் அதில் சேர்க்கப்பட்டது. 1988 செப்டம்பரில் இயற்றப்பட்ட திருத்தம், மாற்றுத்திறனுடன் "குடும்ப நிலை"யையும் அப்பட்டியலில் சேர்த்தது. 1989 மார்ச் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுடன் வாழும் பெற்றோரும் காப்பாளரும் இதன் பாதுகாப்புக்கு உரியவர்கள். கருவுற்றிருக்கும் பெண்ணும், பிள்ளையைச் சட்டப்படி தம் பொறுப்பில் ஏற்கும் முயற்சியில் இருப்பவரும் உரியவர்களே. குழந்தை பிறந்த பின்புதான் உரிமை பிறக்கும் என்பதில்லை. கருவிலேயே அது தொடங்கிவிடுகிறது.

"அறைக்கு இருவர்" என்பதன் உண்மைப் பொருள்

அவ்வாறாயின் ஆள்வரம்பு எப்படி நீடிக்கிறது? குழந்தைகளைக் காக்கும் அதே சட்டம், ஒரு வீட்டில் வாழத்தக்கவர்களின் உச்ச எண்ணிக்கையை வகுக்கும் நியாயமான அரசு விதிகளுக்கு இடம் கொடுத்துள்ளது. 1995இல் எட்மண்ட்ஸ் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்விலக்கின் எல்லையைத் தெளிவுபடுத்தியது. வீட்டில் வாழும் அனைவரையும் ஒன்றுபோல எண்ணி, நெரிசலைத் தடுக்கும் விதிக்கே விலக்கு உண்டு. குடும்பம் என்றால் யார் என்று வரையறுக்கும் விதிக்கு அது பொருந்தாது.

வீட்டு உரிமையாளர்கள் தாமாக வகுக்கும் விதிகளின் நிலை வேறு. அதற்கு வழிகாட்டுவது 1991 மார்ச் 20 அன்று ஹட் துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஃபிராங்க் கீட்டிங் எழுதிய குறிப்பாணை. பின்னாளில் ஓக்லஹோமா ஆளுநராக இருந்தவர் இவர். 1998 டிசம்பரில் ஹட் துறை இக்குறிப்பாணையைத் தன் கொள்கையாக முறைப்படி வெளியிட்டது.

"ஒரு படுக்கையறைக்கு இருவர்" என்னும் சொற்றொடர் இக்குறிப்பாணையிலிருந்து வந்ததே. பொதுவாக அது நியாயமான அளவு என்றுதான் குறிப்பாணை கூறுகிறது. அது முடிந்த முடிபு என்று கூறவில்லை. பல குடியிருப்பு அலுவலகங்கள் முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகின்றன. பிற்பாதியைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வரம்பு நியாயமானதா என்று முடிவு செய்ய, கீழ்க்காணும் கூறுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது குறிப்பாணை.

படுக்கையறைகளின் பரப்பும் வீட்டின் மொத்தப் பரப்பும் முதலாவது. பெரிய அறைகள் கொண்ட வீட்டுக்கும் சிற்றறைகள் கொண்ட வீட்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

குழந்தைகளின் வயது இரண்டாவது. ஒரு படுக்கையறை வீட்டில் பெற்றோருடன் கைக்குழந்தை இருப்பதும், வளர்ந்த பிள்ளை இருப்பதும் ஒன்றல்ல. முன்னதை மறுப்பது பாகுபாடாகக் கொள்ளப்படலாம். பின்னதை மறுப்பது நியாயமாகக் கொள்ளப்படலாம்.

வீட்டின் அமைப்பு மூன்றாவது. தனியறையாகப் பயன்படத்தக்க கூடுதல் இடம் ஏதேனும் உள்ளதா என்பதைக் கருத வேண்டும்.

கழிவுநீர், குடிநீர் போன்ற அமைப்புகளின் தாங்குதிறன் நான்காவது. மாநில, உள்ளூர் விதிகள் ஐந்தாவது.

இவற்றோடு உரிமையாளரின் பேச்சும் நடத்தையும் கணக்கில் கொள்ளப்படும். ஆட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது நியாயமாகக் கருதப்படும் வாய்ப்பு குறைவு. மூன்று பெரியவர்களுக்குக் கொடுக்கும் வீட்டைப் பெற்றோரும் குழந்தையுமாக மூவர் கேட்கும்போது மறுத்தால், அங்கு சிக்கல் எண்ணிக்கையில் இல்லை என்பது வெளிப்படை.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு

தமிழர் மிகுதியாக வாழும் மாநிலங்களில் அளவுகோல்கள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் படுக்கையறைக்கு இருவர், வீட்டுக்கு மேலும் ஒருவர் என்பது நெடுநாள் நடைமுறை வழிகாட்டி. அதன்படி ஒரு படுக்கையறை வீட்டில் மூவரும், இரண்டு படுக்கையறை வீட்டில் ஐவரும் வாழலாம். இது சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று. மாநில உரிமைகள் துறை புகார்களை எடைபோடப் பின்பற்றி வந்த அளவு.

நியூயார்க் நகர விதி, ஒருவருக்கு 80 சதுர அடி வாழ்பரப்பு என்று கணக்கிடுகிறது. அவ்வாறு சட்டப்படி வாழத்தக்க ஒவ்வோர் இருவருக்கும், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று கூடுதலாக வாழலாம். 320 சதுர அடி வாழ்பரப்பு கொண்ட வீட்டில் நால்வரும், அவர்களுக்கு மேலாக இரண்டு சிறு குழந்தைகளும் வாழ விதி இடம் தருகிறது. மேலும், வாடகைக்காரர் தம் நெருங்கிய குடும்பத்தினருடன் வாழ்வதை ஒப்பந்தம் தடுக்கலாகாது என்று 1983 முதல் அம்மாநிலச் சட்டம் கூறுகிறது.

டெக்சாஸ் சட்டம் வயது வந்தோரை மட்டும் எண்ணுகிறது. படுக்கையறைகளின் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வயது வந்தோரை உரிமையாளர் பொதுவாக அனுமதிக்கக் கூடாது. இது மேல்வரம்பு மட்டுமே. அத்தனை பேரையும் அனுமதித்தே ஆக வேண்டும் என்பது இதன் பொருளன்று.

பல நகராட்சிகள் பின்பற்றும் பன்னாட்டுச் சொத்துப் பராமரிப்பு விதித்தொகுப்பு, ஒருவர் உறங்கும் அறைக்கு 70 சதுர அடியும், ஒன்றுக்கு மேற்பட்டோர் உறங்கும் அறையில் ஆளுக்கு 50 சதுர அடியும் கேட்கிறது. 12 அடிக்கு 13 அடி உள்ள படுக்கையறையின் பரப்பு 156 சதுர அடி. இந்த அளவின்படி மூவர் உறங்க அது போதுமானது. ஓர் அளவுநாடாவும் பத்து நிமிடமும் இருந்தால் எந்தக் குடும்பமும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தாத்தா பாட்டியின் இடம்

தமிழ்க் குடும்பங்களில் எண்ணிக்கை கூடுவது குழந்தையால் மட்டும் அன்று. பேறுகாலத்துக்கு வரும் தாயும் தந்தையும் ஆறு மாதம் வரை தங்குவது வழக்கம். இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்தின் குடும்ப நிலைப் பாதுகாப்பு, பிள்ளைகளையும் அவர்களுடன் வாழும் பெற்றோர் அல்லது காப்பாளரையும் பற்றியது. பார்க்க வரும் தாத்தா பாட்டி அதன்படி வயது வந்தோராகவே எண்ணப்படுவர்.

கூட்டுக் குடும்பத்தை அமெரிக்கச் சட்டம் அறியாதது என்று எண்ண வேண்டாம். ஒகையோ மாநிலத்தின் கிழக்கு கிளீவ்லாந்தில் இனெஸ் மூர் என்னும் பாட்டி, தம் மகனுடனும் இரண்டு பேரன்களுடனும் சொந்த வீட்டில் வாழ்ந்தார். அப்பேரன்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர். வெவ்வேறு மகன்களின் பிள்ளைகள். தாயை இழந்து பாட்டியிடம் வந்த பேரன் நகர விதியின்படி "குடும்பத்தில்" அடங்கவில்லை என்று கூறி, மூருக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதித்தனர். 1977இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. பாட்டி, பேரன், அத்தை, மாமன் என்று விரிந்த குடும்பமும் இந்நாட்டின் மரபில் வேரூன்றியதே என்று முதன்மைக் கருத்துரை கூறியது.

எனினும் அத்தீர்ப்பு அரசின் விதியைப் பற்றியது. தனியார் வாடகை ஒப்பந்தத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. விருந்தினர் 14 நாட்களுக்கு மேல் தங்கினால் முன்னனுமதி வேண்டும் என்பது போன்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போதே அவ்விதியைப் படித்து, வரும் நாளையும் திரும்பும் நாளையும் குறிப்பிட்டு அனுமதி கேட்பது நலம். நாள் குறித்து எழுதிக் கேட்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இசைவு கிடைக்கும். மறைத்துத் தங்கவைத்த குடும்பம், ஒப்பந்தத்தை மீறியதாகக் குற்றம் சாட்ட நிர்வாகத்துக்குத் தானே வழி செய்து கொடுக்கிறது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் ஆள்வரம்புப் பகுதியைப் படிக்க வேண்டும். குடும்பம் வளரும் என்று எதிர்பார்ப்போர், கைக்குழந்தை எண்ணப்படுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, குழந்தை பிறந்ததை எழுத்தில் தெரிவித்து ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்கச் சொல்ல வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லை. வாய்ச்சொல் காற்றோடு போகும். மின்னஞ்சல் சான்றாக நிற்கும்.

மூன்றாவது, காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்தால் அஞ்ச வேண்டாம். கடிதம் வேறு, நீதிமன்ற ஆணை வேறு. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் நீதிமன்ற ஆணையின்றிப் பூட்டை மாற்றவோ பொருள்களை வெளியேற்றவோ உரிமையாளருக்கு அதிகாரமில்லை. எந்த விதியின்படி, எந்தப் பரப்பளவின் அடிப்படையில் வரம்பு வகுக்கப்பட்டது என்று பணிவாக எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் நீதிமன்றத்திலிருந்து ஆவணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உடனே சட்ட உதவி நாட வேண்டும்.

நான்காவது, வரம்பல்லாத பாகுபாடுகளையும் கவனிக்க வேண்டும். குழந்தை உள்ளவர்களுக்குத் தரைத்தளம் மட்டும், குறிப்பிட்ட கட்டடம் மட்டும் என்று ஒதுக்குவதும், குழந்தைக்கென்று தனி வைப்புத்தொகை கேட்பதும் சட்டத்துக்கு மாறானவை.

ஐந்தாவது, பாகுபாடு என்று தோன்றினால் ஓராண்டுக்குள் ஹட் துறையிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். இரண்டாண்டுக்குள் நீதிமன்றமும் செல்லலாம். மாநில உரிமைகள் துறைகளும் உண்டு. புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் தனிக் குற்றமாகும். விசா நிலையை எண்ணிப் பலர் வாய்மூடி இருக்கின்றனர். இச்சட்டத்தின் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று.

விதிவிலக்குகளையும் சொல்லியாக வேண்டும். உரிமையாளர் தாமும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் பல பகுதிகள் பொருந்தா. வீட்டுக்காரர் கீழேயும் குடித்தனக்காரர் மேலேயும் வாழும் வீடுகளில் இருப்போர், தம் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். சட்டப்படி அமைந்த முதியோர் குடியிருப்புகளும் குழந்தைகளை மறுக்கலாம்.

மற்றொரு கடமையும் உண்டு. உரிமையை அறிவது நெரிசலை நியாயப்படுத்துவதற்கு அன்று. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத அறையிலும், சன்னல் இல்லாத நிலவறையிலும் பிள்ளைகளை உறங்கவைப்பதை எந்தச் சட்டமும் காக்காது. எந்தப் பெற்றோரும் விரும்பலாகாது. வீடு உண்மையிலேயே சிறிதெனில் மாறுவதே அறிவுடைமை. எப்போது மாறுவது, எவ்வளவு அவகாசம் கேட்பது, ஒப்பந்த முறிவுக் கட்டணமின்றி அதே குடியிருப்பில் பெரிய வீட்டுக்கு மாற இயலுமா என்பனவற்றைப் பேசித் தீர்மானிக்கும் இடத்தில் குடும்பம் நிற்க வேண்டும்.

இளையோரின் பங்கு

இளந்தமிழர்களே, பல வீடுகளில் அலுவலகக் கடிதத்தைப் பெற்றோருக்குப் படித்துப் பொருள் சொல்பவர்கள் நீங்களே. ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துகளைப் படித்துக் காட்டுவதும், அறையை அளந்து வரைபடம் போடுவதும், பணிவும் உறுதியும் கொண்ட ஒரு மின்னஞ்சல் எழுதித் தருவதும் உங்களால் ஆகும். கல்லூரியில் சட்டம் பயில்வோர், புதிதாக வந்த குடும்பங்களுக்காகத் தத்தம் மாநில விதிகளை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதித் தந்தால் அது நிலையான தொண்டாகும். தமிழ்ச் சங்கங்கள் விழா மலரில் ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்கலாம்.

வுல்ஃப்சன் இணையரும் இனெஸ் மூரும் தலைவர்கள் அல்லர். சட்டம் இயற்றியவர்களும் அல்லர். ஒருவர் தம் குழந்தையை மறைக்க மறுத்தார். மற்றவர் தம் பேரனை அனுப்ப மறுத்தார். அந்த மறுப்பின் பயனை இன்று இந்நாட்டின் எல்லாக் குடும்பங்களும் நுகர்கின்றன, தமிழ்க் குடும்பங்கள் உட்பட.

குழந்தையின் அழுகுரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். அது ஒளித்து வைக்க வேண்டிய ஓசை அன்று.